இல்லத்துக்குக் கொடுக்கும் பணம் வீட்டுக்கும் போகட்டும்

பிறந்தநாள், திருமண நாள், பெற்றோரின் திதி என்று ஏதேனும் ஒரு நாளில் குழந்தைகள் இல்லம் ஒன்றில் ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுவது நம்மூர் நடுத்தரக் குடும்பங்களில் நன்றாக வேரூன்றிவிட்ட வழக்கம். அதற்குப் பின்னால் இருக்கும் இரக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அங்கிருக்கும் பிள்ளைகள் எல்லோரையும் அநாதைகள் என்று எண்ணிக்கொண்டு நாம் கொடுக்கும் பணம், தாயோ பாட்டியோ உயிரோடிருக்கும் பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து வைக்கும் ஏற்பாட்டுக்கும் சேர்த்தே தீனி போடுகிறது என்பதைப் பேச ஏனோ தயங்குகிறோம்.

கொரோனா பரவத் தொடங்கியபோது நாடு முழுவதும் குழந்தைகள் பராமரிப்பு நிறுவனங்களில் ஏறத்தாழ 2.27 லட்சம் பேர் இருந்தனர். அவர்களில் 1.45 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ திருப்பி அனுப்பப்பட்டுவிட்டனர் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. பத்தில் ஆறு பேருக்கு மேல் திரும்பிப் போக ஏதோ ஒரு வீடு இருந்திருக்கிறது. அந்த வீட்டில் அரிசி இருந்ததா, வேலை இருந்ததா என்பது வேறு விஷயம். அப்படிப் போன பிள்ளைகளின் படிப்புக்காக மாதம் 2,000 ரூபாய் வழங்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. நிறுவனத்துக்குள் இருந்தவரை அரசும் நன்கொடையாளர்களும் செலவழித்த ஒரு பிள்ளைக்கு, வீட்டு வாசலை மிதித்த பிறகும் செலவு உண்டு என்பது நமக்கு யாராவது சொன்னால்தான் தெரிகிறது.

ஒரு பிள்ளை இல்லத்துக்குப் போய்ச் சேரும் வழியை அருகிருந்து பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. கணவனை இழந்த பெண், அல்லது கணவன் இருந்தும் இல்லாத பெண், கட்டட வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போயாக வேண்டும். காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்ப முடியும். வீட்டில் வளர்ந்துவரும் ஒரு மகளும், ஒன்றாம் வகுப்புப் போகும் ஒரு மகனும் இருப்பார்கள். பள்ளி விட்டதும் அவர்களை யார் பார்த்துக்கொள்வது? இதற்கிடையில் வாரந்தோறும் குழுக் கடன் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நிற்பார். அந்த நேரத்தில் நல்லெண்ணத்தோடுதான் யாரோ ஒருவர், "ஹோம்ல விட்டுடும்மா, சாப்பாடு, படிப்பு எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க" என்கிறார். மாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரை பிள்ளைகளோடு இருக்க ஓர் ஆள் கிடைக்காத காரணத்துக்காக அந்தத் தாய் பல ஆண்டுகள் பிள்ளைகளைப் பிரிகிறாள்.

சட்டம் இதை ஏற்கவில்லை. நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தன் அடிப்படைக் கோட்பாடுகளிலேயே சொல்கிறது. கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், தீரா நோயில் கிடப்பவர் ஆகியோரின் பிள்ளைகள் வீட்டிலேயே வளர்வதற்கு மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. ஆனால் குடும்ப வருமானம் கிராமப்புறத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாயையும் மற்ற இடங்களில் 96,000 ரூபாயையும் தாண்டக்கூடாது. நாளுக்கு 400 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால், மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல் வேலை கிடைத்த கிராமத்துத் தாய் இந்த வரம்பைக் கடந்துவிடுகிறாள். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் எந்த ஊரில் வாழ்கிறார்களோ தெரியவில்லை. தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது; பதினெட்டு வயது வரை அது தொடரும் என்பது பெரிய ஆறுதல்.

திட்டம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. இரண்டுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் இறப்புச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு, பள்ளிச் சான்று என்று ஒரு கட்டுக் காகிதம் நிற்கிறது. கணவன் இறந்திருந்தால் ஒரு சான்றாவது கிடைக்கும். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டவனுக்கு எந்த அலுவலகத்தில் சான்று வாங்குவது? ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. அவளோடு கிராம நிர்வாக அலுவலரிடமும் இ-சேவை மையத்துக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன்பும் போய் நிற்கிற, மனு எங்கே தேங்கிக் கிடக்கிறது என்று விசாரிக்கிற சிறிய உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களையே நான் முதன்மையானவையாகக் கருதுகிறேன். இரண்டு தெருவுக்கு ஒரு மாலை நேர மையம் நடத்தி, சுண்டல் கொடுத்து, வீட்டுப் பாடம் சொல்லிக் கொடுத்து, தாய் வரும்வரை பிள்ளைகளை வைத்துக்கொள்பவர்களும் அப்படியே.

அவர்களுக்கு நன்கொடை கிடைப்பதுதான் மிகக் கடினம். வருமானச் சான்றுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் படமெடுத்து என்ன செய்வது? அந்த அமைப்பின் செலவில் பெரும்பகுதி களப்பணியாளரின் சம்பளமும் பேருந்துக் கட்டணமுமாகவே இருக்கும். "நிர்வாகச் செலவுக்குப் பணம் கொடுப்பதில்லை" என்று நாம் பெருமையாகச் சொல்லிவிடுகிறோம். இல்லத்தில் கேக் வெட்டி, பிள்ளைகளை நடுவில் நிறுத்தி எடுத்த படங்கள் சமூக ஊடகங்களில் நிறைய வலம் வருவதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: நலக் குழுவின் விசாரணைக்கு உட்பட்ட பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம்.

இல்லங்களே வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு நான் விவரமற்றவன் இல்லை. வீட்டுக்குள்ளேயே வன்முறைக்கு ஆளான பிள்ளைக்கும், உண்மையிலேயே யாருமற்ற பிள்ளைக்கும் பாதுகாப்பான இடம் வேண்டும். பொறுப்போடு அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாமல்லபுரத்தின் ஆதரவற்றோர் இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவதாக வந்த செய்தியிலிருந்து 2007இல் உச்ச நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கில், எல்லா நிறுவனங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு தீர்ப்பு வந்த பிறகும், 2021இல் மதுரைக் காப்பகம் ஒன்றில் கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் தயாரித்து ஒரு வயதுக் குழந்தையை விற்றிருந்தது தெரியவந்தது. பிள்ளையைத் தேடி வரும் உறவு ஒன்று இருந்தால் இத்தகைய காரியம் அவ்வளவு எளிதில் நடக்காது.

எனவே அடுத்த முறை சாப்பாட்டுக்குப் பணம் கட்டப் போகும்போது, கடந்த ஓராண்டில் எத்தனை பிள்ளைகள் குடும்பத்தோடு சேர்ந்தார்கள், சேர்ந்த பிறகு யார் போய்ப் பார்க்கிறார்கள் என்று இல்லத்தின் பொறுப்பாளரிடம் கேளுங்கள். நல்ல இல்லம் நடத்துபவர் இந்தக் கேள்வியால் புண்பட மாட்டார். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு உட்கார வைத்துப் பேசுவார். பணத்தில் பாதியை உங்கள் ஊரில் மாலை நேர மையம் நடத்துபவர்களுக்கு, களப்பணியாளரின் சம்பளத்துக்கென்றே சொல்லிக் கொடுங்கள். அப்படிச் சொல்லிக் கொடுப்பவர்கள் அரிது என்பதால் ரசீதில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அவர்கள் சற்றுக் குழம்பக்கூடும். சம்பளம் என்றே எழுதச் சொல்லுங்கள்.