நடுவர் விசில் அடிக்காமல் சேத்ரி அடித்த கோல் செல்லாதா?

"நடுவர் விசில் ஊதாமல் ஃப்ரீ கிக் (எதிரணி தவறு செய்ததற்காகக் கிடைக்கும் உதை) அடிக்கக் கூடாது, அதனால் சேத்ரி கோல் விதிப்படி செல்லாது" என்ற பதிவு இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தவறு.

2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம், இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்து பிளேஆஃப். லீக் சுற்றில் நான்காம் இடம் பிடித்த பெங்களூருவும் ஐந்தாம் இடம் பிடித்த கேரளா பிளாஸ்டர்ஸும் மோதின, ஒரே ஆட்டத்தில் முடிவு, தோற்றால் சீசனே முடிந்தது. 90 நிமிடமும் கோல் இல்லை, கூடுதல் நேரத்தில் கிடைத்த ஃப்ரீ கிக்கில், கேரளா வீரர்கள் பந்தை மறிக்க வரிசையாக நின்று சுவர் அமைப்பதற்குள் பெங்களூருவின் சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் அனுப்பிவிட்டார், நடுவர் கோல் கொடுத்தார், கேரளா பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் வீரர்களோடு மைதானத்தை விட்டே வெளியேறினார்!

விதி என்ன? பெரும்பாலான ஃப்ரீ கிக்குகளுக்கு விசில் தேவையே இல்லை. சுவரை 9.15 மீட்டர் தள்ளி நிற்கவைக்க நடுவர் ஆட்டத்தைப் பிடித்து வைத்தால் விசிலுக்காகக் காத்திருக்க வேண்டும். கேரளா ரசிகர்கள் சண்டை போடுவதென்றால் அந்த இடத்தில்தான் போட வேண்டும், அதாவது நடுவர் பிடித்து வைத்தாரா இல்லையா என்பதில். அது நியாயமான கேள்விதான். ஆனால் 'விசில் இல்லை, எனவே கோல் இல்லை' என்பது விதிப்புத்தகத்தில் கிடையாது.

அப்புறம், மறு ஆட்டம் கேட்டு கேரளா கொடுத்த புகாரை அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு தள்ளுபடி செய்துவிட்டது. வெளியேறியதற்காகக் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை.