கற்பனை என்றால் பொய் இல்லை

பழைய தமிழ் வேதாகமத்தில் கற்பனை என்றால் கட்டளை. "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்ற வசனத்தை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தபோது, கதையில் வரும் கற்பனையைத்தான் ஆண்டவர் கேட்கிறார் என்று நம்பி சந்தோஷப்பட்டேன். அப்புறம் நாவலும் கையுமாக என்னைப் பார்த்த சபைப் பெரியவர் ஒருவர், கட்டுக்கதைகளுக்கு விலகியிரு என்றார். கெட்ட குமாரன் கதையைச் சொன்ன இயேசுவைக் கும்பிடுகிற நாம் எப்படி இப்படிப் பேசுகிறோம் என்று அன்றைக்குக் கேட்கத் தெரியவில்லை.

தர்க்கத்தால்தான் விசுவாசத்தைக் காக்க முடியும் என்பவர்கள் உடனே எடுப்பது, நார்னியா என்ற சிறுவர் மாயக்கதைகளை எழுதிய ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸை. இயேசு பொய்யரா, புத்தி பேதலித்தவரா, ஆண்டவரா என்ற அவருடைய கேள்வியை வாலிபர் கூட்டங்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் அவரே எந்த வழியாக வந்து சேர்ந்தார் என்று யாரும் சொல்வதில்லை, அதுதான் என் ஆதங்கம்.

1916இல், பதினேழு வயதில், கடவுள் இல்லை என்று உறுதியாக இருந்த லூயிஸ், இங்கிலாந்தின் லெதர்ஹெட் ரயில் நிலையத்துப் புத்தகக் கடையில் ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜார்ஜ் மெக்டொனால்டின் மாயக்கதை ஒன்றை வாங்கினார். தன் கற்பனை அன்றைக்கே ஞானஸ்நானம் பெற்றுவிட்டது என்றும், மற்றதற்கெல்லாம் இன்னும் காலம் ஆனது என்றும் பின்னால் எழுதினார். கடவுள் உண்டு என்ற இடம்வரை அவரைக் கொண்டுவந்ததில் தர்க்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. கிறிஸ்துவிடம் வந்தபோது அது நின்றுவிட்டது. ஒருவருடைய மரணம் இரண்டாயிரம் வருடம் கழித்து எனக்கு எப்படி உதவும் என்பது அவருக்குப் புரியவே இல்லை.

1931 செப்டம்பர் 19 இரவு, ஆக்ஸ்ஃபோர்டில் தன் கல்லூரி மரங்களுக்கு அடியில் நண்பர்களான எழுத்தாளர் டோல்கீனோடும் ஆங்கில இலக்கிய ஆசிரியர் ஹியூகோ டைசனோடும் நடந்துகொண்டிருந்தார். அசைவில்லாத, வெதுவெதுப்பான நேரம். திடீரென்று ஒரு காற்று, மழையோ என்று நினைக்கும்படி சடசடவென இலைகள் உதிர்ந்தன, மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செத்து உயிர்த்தெழும் தேவனின் கதையைப் புராணங்களில் படித்தால் உருகுகிறாய், சுவிசேஷத்தில் மட்டும் ஏன் முறைக்கிறாய் என்பதுதான் நண்பர்கள் எடுத்துக்காட்டியது. டோல்கீன் வீட்டுக்குப் போகும்போது மணி மூன்று. ஒன்பது நாள் கழித்து அண்ணன் ஓட்டிய மோட்டார் சைக்கிளின் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்து மிருகக்காட்சி சாலைக்குப் புறப்பட்டபோது விசுவாசம் இல்லை, போய்ச் சேர்ந்தபோது இருந்தது. கதை, ஆனால் உண்மையில் நடந்த கதை, என்று பிடித்துக்கொண்டார்.

உண்மையை அறிவது பகுத்தறிவின் வேலை, அர்த்தத்தை அறிவது கற்பனையின் வேலை என்று அவருடைய பழைய கட்டுரை ஒன்று சொல்கிறது. அர்த்தமே படாத ஒன்றை நிஜமா பொய்யா என்று எப்படிக் கேட்பது?

1948இல் தத்துவவாதி எலிசபெத் ஆன்ஸ்கம் அவருடைய வாதம் ஒன்றில் இருந்த ஓட்டையைக் காட்டினார், அந்த அவமானத்தில்தான் நார்னியா எழுதப் போய்விட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆன்ஸ்கம் தீவிரக் கத்தோலிக்கர், விசுவாசத்தின் எதிரி அல்ல. லூயிஸும் ஓடவில்லை, 1960இல் அந்த வாதம் இருந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். நார்னியா கதையில் வரும், பனி பெய்யும் காட்டில் குடையும் பொட்டலங்களுமாக நடக்கும் ஆட்டுக்கால் மனிதனோ பதினாறு வயதிலிருந்தே அவர் மனதில் இருந்தவன்.

சரி, எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை? அப்பா இறந்த வாரம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு விளக்கம் இருந்தது. வேதனை பற்றி லூயிஸ் 1940இல் எழுதிய புத்தகமும் விளக்கம்தான், நல்ல விளக்கம், என்னால் படிக்க முடியவில்லை. மனைவி ஜாய் இறந்தபின் 1961இல் புனைபெயரில் வெளியிட்ட குறிப்புகளைத்தான் படித்தேன். கடவுளிடம் போனால் முகத்தில் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் மேல் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கிறது என்கிறார். பல பக்கம் தள்ளி, பதில் இன்னும் வரவில்லை, ஆனால் இது பூட்டிய கதவு போல இல்லை, பேசாமல் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது என்கிறார். அந்தப் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசி என்றார்.