ஆள் தொடாத காடு எங்கே இருக்கிறது?

மனிதன் ஒழிந்தால்தான் பூமி பிழைக்கும் என்று ஒரு பதிவு, மேலே அடர்ந்த அமேசான் காட்டின் படத்தோடு, நாலைந்து நாளாக என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. லைக் குவிகிறது. எனக்கோ எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் அமேசானே பல இடங்களில் மனிதன் கைபட்ட காடுதான்.

அங்கே இயல்பான மண் பெரும்பாலும் சத்தில்லாதது, அடிக்கிற மழை இருக்கிற சத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும். ஆனால் ஆற்றோர மேடுகளில் ஆங்காங்கே தோண்டினால் கரியதாக ஒரு மண் வரும், சில இடங்களில் ஓர் ஆள் ஆழத்துக்குக்கூட. டெர்ரா பிரேட்டா என்பார்கள், போர்த்துகீசிய மொழியில் கறுப்பு மண். கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்தால் கரித்துண்டு, மீன் முள், உடைந்த பானை ஓடு. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அங்கே குடியிருந்தவர்களின் அடுப்புச் சாம்பலும் சமையல் கழிவும் சேர்ந்து உண்டான மண் அது. ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்களில் அந்த மக்களில் பெரும்பாலோர் மாண்டார்கள், ஊர்களைக் காடு மூடிக்கொண்டது, ஆனால் மண்ணின் வளம் மட்டும் போகவில்லை, இன்றைக்கும் விவசாயிகள் அதைத் தேடிப்போய்ப் பயிர் வைக்கிறார்கள். குப்பை கொட்டியே மண்ணைத் தேற்றியிருக்கிறார்கள். (நாம் கொட்டுகிற குப்பையை இங்கே இழுக்க வேண்டாம்.)

ஆஸ்திரேலியப் பழங்குடிகள் புல் முழுவதும் காய்வதற்கு முன்பே சின்னச் சின்னதாகத் தீ வைத்துவிடுவார்கள். தீ தரையோடு தவழ்ந்து அணைந்துவிடும், மரத்தின் உச்சிக்கு ஏறாது. வெள்ளைக்காரர்கள் வந்து அந்தப் பழக்கத்தைத் தடுத்தார்கள், காய்ந்த சருகும் சுள்ளியும் சேர்ந்தன, தீ பிடித்தபோது பெருந்தீயாகப் பிடித்தது. அமெரிக்காவில் 1872இல் யெல்லோஸ்டோனைத் தேசியப் பூங்காவாக்கியபோதும் இதே கதைதான்: ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கே புழங்கியவர்களை அப்புறப்படுத்திவிட்டு, அதற்குப் பெயர் ஆள் தொடாத இயற்கை.

அதற்காக முன்னோர் எல்லாம் ஞானிகள் என்று நான் சொல்ல வரவில்லை. நியூசிலாந்தில் மனிதர்கள் போய் இறங்கிய ஓரிரு நூற்றாண்டுக்குள் மோவா என்ற பெரும் பறவை இனமே தீர்ந்துபோனது. மெசபடோமியாவில் வாய்க்கால் நீர் பாய்ச்சிப் பாய்ச்சியே நிலத்தில் உப்புப் பூத்தது.

எனக்குத் தோன்றுவது இதுதான். நிலத்தில் கை வைக்கிறோமா இல்லையா என்பது கேள்வியே இல்லை. கை வைக்கிறவன் அதன் விளைவை அனுபவிக்கிற இடத்தில் இருக்கிறானா? ஸ்பெயினின் வலென்சியாவில் வியாழக்கிழமைதோறும் நடுப்பகலில், தேவாலய வாசலில் கறுப்பு மேலங்கி போட்டுக்கொண்டு விவசாயிகளே நீதிபதிகளாக உட்காருவார்கள். எவன் முறை தவறித் தண்ணீர் திருப்பினான் என்று அங்கேயே வாய்மொழியாக விசாரணை, அங்கேயே தீர்ப்பு. பல நூற்றாண்டாக நடக்கிறது. தீர்ப்புச் சொல்கிறவரின் வயலும் அதே தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது, ஏமாற்றவா முடியும்? பொதுச் சொத்தை ஜனங்கள் தாங்களே விதி போட்டுக் காப்பாற்ற முடியும் என்று காட்டியதற்காகத்தான் அமெரிக்க ஆய்வாளர் எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதார நோபல் கிடைத்தது, அவர் ஆராய்ந்த இடங்களில் வலென்சியாவும் ஒன்று.

சரி, காற்றில் கலக்கிற கரியமில வாயுவுக்கு எந்த வாசலில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது என்று கேட்பீர்கள். என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் எட்ட இருந்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மத்திய ஆசியாவில் ஏரல் கடல் என்கிற ஏரி இருக்கிறது. பருத்திக்காக மாஸ்கோ போட்ட திட்டத்தில் 1960களிலிருந்து அதில் வந்து விழுந்த இரண்டு ஆறுகளையும் திருப்பிவிட்டார்கள், உலகின் நாலாவது பெரிய ஏரி வற்றி, மீன்பிடிப் படகுகள் மணலில் நின்றன. 2005இல் கஜகஸ்தான் பக்கம், ஏரியின் வட பகுதியைத் தனியே பிரித்து, கோக்கரால் அணையைக் கட்டி முடித்தார்கள். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே நீர் ஏறியது, உப்பு குறைந்தது, நன்னீர் மீன் திரும்ப வந்தது, மீன்பிடி வேலையும் வந்தது. அணைக்குத் தெற்கே இன்னும் உப்புப் புழுதிதான் பறக்கிறது.