ஒன்றரை மணிக்குப் பிறகு இந்தப் பிள்ளைகள் எங்கே?

பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடுகிறது. ஆடைத்தொழிற்சாலைக்குப் போன அம்மா வீடு வந்து சேர ஆறு மணி தாண்டும். அப்பா வயலில் நிற்பார், இல்லாவிட்டால் மேசன் வேலைக்குப் போயிருப்பார். அப்பாவே இல்லாத வீடுகளும் இருக்கின்றன. 2009இல் போர் முடிந்த பிறகு, இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் அதை யாரும் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இடையில் கிடக்கும் அந்த நாலைந்து மணித்தியாலம் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்கிறது?

தரம் 5 பிள்ளை என்றால் இந்தக் கேள்வியே வராது. புலமைப்பரிசில் சோதினை என்று வீடு முழுக்கப் பின்னால் நிற்கும்: ரியூசன், மாதிரி வினாத்தாள், பிள்ளையார் கோயிலில் நேர்த்தி. தரம் 11இல் சாதாரண தரச் சோதினை நெருங்கினால் பழைய மாணவர்கள் கனடாவில் இருந்தும் காசு அனுப்புவார்கள். நடுவில் கிடக்கும் 6, 7, 8, 9க்குப் பெரிய சோதினை இல்லை, அதனால் கவனிப்பும் இல்லை. பாடசாலை உணவுத் திட்டம்கூடப் பெரும்பாலும் ஆரம்பப் பிரிவோடு நின்றுவிடுகிறது. ஊர்ச் சின்னப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வரை படித்த பிள்ளை, தூரத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள் மிதிக்கத் தொடங்குவதும் இந்த வயதில்தான். பதினாறு வயது வரை கட்டாயக் கல்வி என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பின்னத்தைக் கூட்டத் தெரியாமல் தரம் 10க்கு வந்து நிற்கும் பிள்ளை, மனதால் எப்போதோ பள்ளிக்கூடத்தை விட்டிருக்கும்.

இந்த வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் வந்திருக்க மாலை நேர நிலையம் ஒன்று தொடங்குவோம் என்று யாரிடம் வாய் திறந்தாலும் முதலில் வருவது கட்டிடக் கதை. தயவுசெய்து கட்டிடம் கேட்காதீர்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டித் தந்த பொதுநோக்கு மண்டபங்கள் எத்தனை ஊரில் பூட்டிக் கிடக்கின்றன! எங்கள் ஊர் மண்டபச் சுவரில் அடிக்கல் நாட்டியவர், திறந்து வைத்தவர், நிதி தந்தவர் எல்லாருடைய பெயரும் கல்லில் இருக்கிறது. உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாய் அடுக்கிய பிளாஸ்டிக் கதிரைகள், மேலே வௌவால் எச்சம். வெளியே மதகில் நாலு பெடியன்கள் ஒரு போனைச் சுற்றிக் குனிந்து இருக்கிறார்கள். மண்டபத் திறப்பு (சாவி) தலைவரிடம், தலைவர் மல்லாவியில்.

ஊர் ஆதரவு என்று நான் சொல்வது அந்தத் திறப்பைத்தான். இரண்டு மணிக்கு யார் திறப்பது, ஐந்து மணிக்கு யார் பூட்டுவது, வருகிற பிள்ளைக்கு அவித்த கடலையோ கௌபியோ யார் கொடுப்பது. மாதர் சங்கம் முறை வைத்துச் சமைக்கலாம், திருவிழாவில் ஆயிரம் பேருக்கு அன்னதானம் போடுகிற ஊருக்கு இது பெரிய வேலையா? கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் உரமானியத்தோடு சேர்த்து இதையும் கதைக்க வேண்டும். காலபோக அறுவடை வந்தால் வீட்டில் எல்லாரும் வயலில்தான், பிள்ளைக்கு ஆள் தேவைப்படுவதும் அந்த நாட்களில்தான்.

நடத்துவதை ஆசிரியர்களின் தலையில் கட்டவும் முடியாது. கன பேர் யாழ்ப்பாணத்தில் இருந்தும் வவுனியாவில் இருந்தும் விடிய பஸ் ஏறி வருகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் ஏ9 வீதிக்கு ஓடாவிட்டால் அவர்களுடைய பிள்ளைகளும் தனியாகத்தான். உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் தம்பி தங்கச்சிமார் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேர் நடத்தலாம். ஆனால் அவர்களைச் சும்மா தொண்டு செய் என்றால் இரண்டு மாதம் வருவார்கள், அப்புறம் கடையில் வேலைக்குப் போய்விடுவார்கள். அது நியாயமும்கூட. புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு வார்த்தை: ஒரேயடியாய்த் தந்து கல்லில் பெயர் போடுவதை விட, இந்த இருவருக்கு மாதாமாதம் ஒரு சம்பளம் அனுப்புங்கள். படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான்.

இதை இன்னொரு ரியூசனாக்கியும் விடாதீர்கள். வீட்டுப்பாடத்துக்கு ஒரு மணித்தியாலம் காணும். மிச்ச நேரம் கரம்போட், எல்லே பந்து விளையாட்டு, வாசிப்பு, பழைய சைக்கிளைக் கழற்றிப் பூட்டுவது, என்னவும் செய்யட்டும்.

பெற்றோருக்கு இருக்கிற பயம் சரியான பயம். எந்த நேரமும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் கட்டாயம் பெண். தனியறையில் யாரும் எந்தப் பிள்ளையோடும் இருக்கக் கூடாது. பொழுதுபட முன் கூட்டமாக வீட்டுக்கு அனுப்ப வேண்டும். காட்டுக் கரை ஊர்களில் யானையும் நேரம் பார்த்துத்தான் இறங்குகிறது.

“தம்பி, நீங்கள் சொல்லுறது சரிதான், ஆனா இவள் அங்க வந்தா சின்னவனை ஆர் பாக்கிறது?” என்று ஒரு அக்கா கேட்டார். பெண் பிள்ளைகள் வராமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். சின்னவனையும் கூட்டிக்கொண்டு வரட்டும் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். கடலையும் அவனுக்குச் சேர்த்தே அவிக்க வேண்டும்.