வரி கட்ட நாங்கள் வேண்டும், வீட்டில் இருக்க மட்டும் கூடாதா?

ஒரு யூரோவுக்கு இத்தாலியில் வீடு என்று வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். 2019-இல் சிசிலியின் சம்புகா கிராமம் உலகச் செய்தியானதிலிருந்து இது ஓய்ந்தபாடில்லை. மூன்று வருடத்துக்குள் வீட்டைப் புதுப்பிக்க வேண்டும், 5,000 யூரோ முன்பணம் கட்ட வேண்டும் என்பதையாவது சிலர் சொல்கிறார்கள். வாங்கிய வீட்டில் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை.

நாங்கள் லண்டனில் இருந்துகொண்டு நடு இத்தாலியில் அப்ரூட்சோ பகுதியின் மலைக் கிராமம் ஒன்றில் வீடு வாங்கியவர்கள். ஒரு யூரோ வீடு இல்லை, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கியது. கையில் இருப்பது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால், 2021-இலிருந்து, எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் இருக்கலாம். அதுவும் இத்தாலிக்கு மட்டும் இல்லை, தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. பாரிஸில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்வந்த நாளும் இதில்தான் கழியும்.

இதன் அர்த்தம் புரிகிறதா? ஜூலை 1 வந்து செப்டம்பர் 28 வரை ஒருவர் தங்கினால் 90 நாள் தீர்ந்தது. மறுபடி டிசம்பர் 28 அன்றுதான் உள்ளே வரலாம். ஒலிவ் அறுவடை எப்போது? அக்டோபரிலும் நவம்பரிலும். மரத்துக்கடியில் வலை விரித்து, காய் உதிர்த்து, ஆலைக்குக் கொண்டுபோய்ப் புது எண்ணெய் எடுத்துவர ஊரே கிளம்பும் அந்தச் சமயத்தில், மரத்தின் சொந்தக்காரர் லண்டனில் உட்கார்ந்திருக்க வேண்டும். 2025 அக்டோபர் 12-இலிருந்து எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் முறை வேறு தொடங்கிவிட்டது. ஒரு நாள் கூடினாலும் கணினி காட்டிக்கொடுக்கும்.

“விசா எடுக்க வேண்டியதுதானே” என்பவர்களுக்கு: நீண்டகாலம் தங்க ஒரு விசா இருக்கிறது. பென்ஷன், வாடகை என்று உழைக்காமல் வரும் வருமானம் போதிய அளவு காட்ட வேண்டும். அதில் வேலை செய்யவே கூடாது. அன்றாடம் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது எந்த மூலைக்கு?

சரி, இருக்கத்தான் விடவில்லை, பணமாவது குறைவாகக் கேட்கிறார்களா? அங்கேயே குடியிருக்கப்போகிறவருக்குப் பதிவு வரி 2 சதவீதம், இரண்டாவது வீடு என்றால் 9 சதவீதம். உள்ளூர்க்காரர் குடியிருக்கும் வீட்டுக்கு, ஆடம்பர வீடாக இல்லாதவரை, சொத்து வரி கிடையாது. நமக்கு உண்டு, ஜூன் 16, டிசம்பர் 16 என்று இரண்டு தவணை. பில் அனுப்பவும் மாட்டார்கள். நாமே கணக்குப் போட்டு, நாமே படிவம் நிரப்பிக் கட்ட வேண்டும். தவறினால் அபராதம். மின்சாரத்திலும் நிலையான கட்டணம் நமக்குக் கூடுதல். அந்தக் காசுக்கு ஒரே நேரத்தில் இழுக்கக் கிடைப்பது 3 கிலோவாட். வாஷிங் மெஷின் ஓடும்போது லண்டனிலிருந்து கொண்டுபோன கெட்டிலைப் போட்டால் வீடே இருட்டாகிவிடும். மீட்டரோ கீழே தெருவாசலில். மழையோ பனியோ, டார்ச்சோடு கல்படி இறங்கிப் போய் சுவிட்சைத் தூக்கிவிட்டு வர வேண்டும்.

கார் கதை இன்னும் மோசம். வசிப்பிடப் பதிவு இல்லாமல் எங்களால் அந்த நாட்டுப் பதிவெண்ணில் கார் வாங்க முடியாது. பஸ்ஸையும் நம்ப முடியாத மலையில், ஒவ்வொரு முறையும் வாடகைக் கார்தான்.

ஊர்க்காரர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா ஆகஸ்டில் தக்காளி காய்ச்சிப் பாட்டிலில் அடைக்கும்போது எங்களுக்கும் சேர்த்தே அடைப்பார். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் திரும்பிப் போனதும் தெருவில் பாதி வீடு பூட்டிவிடும். “குளிர்காலத்திலும் இருங்களேன்” என்று கையைப் பிடித்துக் கேட்கிறார். இளைஞர்கள் வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்டார்கள், ஊர் காலியாகிறது, அதனால்தானே வெளிநாட்டுக்காரரை அழைத்தார்கள்? விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே நிற்க வைப்பது என்ன நியாயம்?

லண்டனில் வீடு வைத்திருக்கும் இத்தாலியர் விசா இல்லாமலே ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை பிரிட்டனில் தங்கலாம். நாங்கள் கேட்பதும் அதே ஆறு மாதம்தான். குடியுரிமை வேண்டாம், உதவித்தொகை வேண்டாம், அங்கே வேலையும் வேண்டாம். வீடு வாங்கி, வரி கட்டி, கூரை மாற்றி, உள்ளூர்க் கொத்தனாருக்குக் கூலி கொடுத்தவருக்கு அந்த வீட்டில் அரை வருடம் இருக்க அனுமதி. வெளிநாட்டுக்காரருக்கு வீடு விற்க அவ்வளவு விளம்பரம் செய்த மேயர்கள் ஒருமுறையாவது ரோமுக்குப் போய் இதைக் கேட்கட்டும்.