பீடத்தில் என்ன எழுதப் போகிறோம்?

எங்கள் பள்ளியின் நிறுவனருக்குச் சிலை வைக்க முன்னாள் மாணவர் சங்கம் முடிவெடுத்திருக்கிறது. நானும் பணம் கொடுத்திருக்கிறேன். ஆகவே இதைச் சிலை எதிர்ப்புப் பதிவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பணம் கொடுத்தவனின் புலம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிற்பி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: புகைப்படம். பள்ளியில் இல்லை, குடும்பத்தாரிடமும் இல்லை. கடைசியில் பேரனின் படம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "மீசையைக் கொஞ்சம் முறுக்கி, கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், தாத்தா வந்துவிடுவார்" என்று காரியத்தை முடித்துவிட்டார்கள். கூட்டத்தில் நான் சிரித்துவிட்டேன். இரண்டு பேர் முறைத்தார்கள்.

உண்மையில் முகம் எனக்குப் பெரிய கவலை இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலேயே அந்தக் கதைதான். 1884இல் டேனியல் செஸ்டர் பிரெஞ்ச் என்ற சிற்பி ஜான் ஹார்வர்டின் வெண்கலச் சிலையைச் செய்தபோது, ஹார்வர்டு எப்படி இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. அங்கே படித்த ஷெர்மன் ஹோர் என்ற இளைஞரின் முகத்தை மாதிரியாக வைத்துக்கொண்டார். பீடத்தில் 'ஜான் ஹார்வர்டு, நிறுவனர், 1638' என்று பொறித்தார்கள். முகம் அவருடையதல்ல. நிறுவனரும் அவரல்ல. கல்லூரி தொடங்கிய ஆண்டோ 1636. தொடங்கியது மாசசூசெட்ஸ் காலனியின் சட்டமன்றம். 'மூன்று பொய்களின் சிலை' என்றே அதற்குப் பட்டப்பெயர். பார்க்க வருகிறவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. இடது காலணியின் முனையைத் தொட்டுத் தொட்டு அது மட்டும் தங்கம்போல் மின்னுகிறது.

அப்படியானால் ஹார்வர்டு செய்ததுதான் என்ன? 1638இல், முப்பது வயதில் சாகும்போது, பாதிச் சொத்தையும் சுமார் 400 புத்தகங்களையும் அந்தக் கல்லூரிக்கு விட்டுச்சென்றார். அது சின்ன விஷயமா? ஆனால் 1764இல் நூலகம் தீப்பற்றி அவற்றில் ஒன்று தவிர மற்றவை போய்விட்டன. அந்த ஒன்றும் தப்பியதற்குக் காரணம், ஒரு மாணவன் அதை எடுத்துப்போய்க் கெடு கடந்தும் திருப்பித் தராமல் வைத்திருந்ததுதான். என்னைக் கேட்டால் அவனுக்கும் பக்கத்தில் ஒரு சின்னச் சிலை வைக்கலாம்.

சென்னைப் பச்சையப்பரின் கதை இதைவிடச் சுவையானது. அவர் 1794இல் காலமானார். கோயில் கட்டளைகளுக்கும் தருமங்களுக்கும் என்று உயில் எழுதிவைத்தார். அவர் பெயரைத் தாங்கிய பள்ளி திறந்தது 1842இல். இடையில் நாற்பத்தெட்டு ஆண்டுகள்! அந்தப் பணம் வாரிசுச் சண்டையிலும் வழக்கிலும் சிக்கிக் கிடந்து, நீதிமன்றத்தின் வழியாக மீண்டு வந்தபோது, கோயில்களுக்குப் போக மிஞ்சியதைக் கல்விக்குத் திருப்பினார்கள். அப்போது அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் அதற்காகப் பாடுபட்டார். 1850இல் திறந்த பச்சையப்பன் மண்டபம் ஏதென்ஸ் நகரத்துக் கோயில் ஒன்றின் சாயலில் எழுந்தது. பள்ளியையோ மண்டபத்தையோ பச்சையப்பர் கனவிலும் கண்டிருக்க மாட்டார். பெயர் அவருடையது, பணம் அவருடையது, பள்ளி வேறு பலருடையது. அவரைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. 'கல்வி வள்ளல்' என்ற இரண்டு சொற்களில் அந்த நாற்பத்தெட்டு ஆண்டுகளும் காணாமல் போய்விடுகின்றன என்பதே என் ஆதங்கம்.

எங்கள் பள்ளிக்கு வருகிறேன். சிலைக் குழுவில் இருந்த புண்ணியத்தில் முதல் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க முடிந்தது. மை பழுப்பேறிவிட்டது, ஓரங்களைப் பூச்சி அரித்திருக்கிறது. முதல் பக்கத்தில் பதினொரு பெயர்கள், எல்லாம் ஒரே கையெழுத்தில். கடைசிப் பத்தி 'நீங்கிய காரணம்'. நான்காவது பையனுக்கு நேராக 'சம்பளம் கட்டவில்லை' என்று எழுதி, பிறகு அதை அடித்து, பென்சிலில் 'மீண்டும் சேர்க்கப்பட்டான்' என்று எழுதியிருக்கிறது. அந்தச் சம்பளத்தை யார் கட்டினார்கள் என்று எந்தப் பத்தியிலும் இல்லை. பக்கத்தின் அடியில் ஆசிரியரின் சுருக்கொப்பம். எத்தனை முறை பார்த்தும் பெயர் பிடிபடவில்லை.

நம் நிறுவனர் நிலம் கொடுத்தார். பத்திரம் இருக்கிறது, சந்தேகமே இல்லை. அந்த நிலத்தில் பள்ளி நடந்தது இந்தச் சுருக்கொப்பக்காரரால். நாம் பீடத்தில் பொறிக்கப்போவதோ 'அறிவுச் சுடர் ஏற்றிய அண்ணல்' என்று தொடங்கும் நான்கு வரி. எந்தப் பள்ளியின் எந்தச் சிலைக்கும் அதை அப்படியே பொருத்தலாம். சிலை கொஞ்சம் பொய் சொல்லட்டும், அதற்கு வேறு வழியில்லை. பீடத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாதே.

ஆகவே நேற்று இரவு சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாற்று வாசகம் போட்டேன்: "இந்த நிலத்தைத் தந்தவர். இதில் முதல் பதினொரு பேருக்குப் பாடம் சொன்னவரின் கையொப்பம் பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது. சம்பளம் கட்ட முடியாத ஒருவன் மீண்டும் சேர்க்கப்பட்ட விவரமும் அங்கே இருக்கிறது. சிலையின் முகம் பேரனுடையது."

மூன்று பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். காலையில் பொருளாளர் பதில் போட்டிருந்தார்: பீடத்தில் அவ்வளவு இடம் இல்லையாம், நன்கொடையாளர் பெயர்கள் வர வேண்டுமாம். அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன். என் முதலெழுத்துச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.