தாத்தாவுக்காகவே படிக்கலாம்

கெர்ஸ்டின் கீரின் காலப்பயண நாவல் வரிசையில் 'சஃபையர் ப்ளூ' சும்மா பக்கம் நிரப்ப வந்த இரண்டாம் பாகம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பாதி சரிதான். முதல் பாகமான 'ரூபி ரெட்' நின்ற தேவாலயத்திலேயே தொடங்கி, சில நாட்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. நாயகி க்வெண்டலினோடு காலப்பயணம் போகும் கிதியோன் ஒரு பக்கம் கொஞ்சுகிறான், அடுத்த பக்கம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். எனக்கே எரிச்சலாக இருந்தது.

ஆனால் தாத்தா லூகாஸ் வரும் இடத்தை நீங்கள் ஒரு வரிகூடத் தொடவில்லையே! காலப்பயணிகளை நிர்வகிக்கும் ரகசியச் சங்கத்தார் க்வெண்டலினை 1948-க்கு, ஒரு நிலவறைக்குத் தனியாக அனுப்புகிறார்கள். அங்கே வந்து நிற்கும் இளைஞன் அவளுடைய தாத்தா. அவள் காலத்தில் அவர் இறந்துவிட்டார். கல்யாணம்கூட ஆகாத ஆளிடம் போய் "நான் உங்கள் பேத்தி" என்று எப்படிச் சொல்வது? கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அந்த ரகசியச் சங்கம், அதை நிறுவிய கவுண்ட் என்ற பிரபு எல்லாம் அப்புறம்தான்.

நாங்கள் செங்கோட்டைக்காரர்கள். 1948-இல் எங்கள் ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். என் மகள் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, "நம்ம பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்த வருஷத்துக்குப் போனால் எந்த ஊரில் இறங்குவேன்?" என்று கேட்டாள். இதே ஊர்தான், ஆனால் கடைக்காரர் சக்கரம் கேட்பார் என்றேன். திருவிதாங்கூர் காசு அவளுக்கு எங்கே தெரியும், வண்டிச் சக்கரமா என்கிறாள்.

வாங்குகிறவர்கள் மூன்றாவதான 'எமரால்ட் கிரீன்' பாகத்தையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். இது முடிகிற இடம் அப்படி.